சொல்லுக்கு அரை சென்ட்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே வருவதற்கு முன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் பக்கத்தில் வந்து, "சார், ஒரு வாள், ஒரு மந்திரவாதி, பாதி உடுத்திய ஒரு பெண். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் இந்தப் புத்தகங்களுக்குச் செய்தித்தாள் அட்டை போட்டு மறைத்துப் படித்தவன்தான்.

இவை இலக்கியமா என்கிற வழக்கை நான் இன்று எடுக்கவில்லை. இந்த வகைக் கதை எப்படி உண்டானது என்பதுதான் என் பேச்சு. வாளும் மந்திரமும் சேர்ந்த கதை யாருடைய தவத்திலும் உதித்ததில்லை. திரும்பி வந்த கதையை வேறு கடையில் எப்படியாவது விற்றாக வேண்டும் என்று ஒரு இளைஞர் அதை மறுபடி டைப் அடித்தார். அதில் பிறந்தது.

முதலில் காகிதத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் 1896-இல் தன் 'ஆர்கசி' இதழை முழுக்கக் கதைகளால் நிரப்பி, மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சடித்து விற்றார். மரக்கூழுக்கு அவர்கள் மொழியில் 'பல்ப்'. நாம் சாணித்தாள் என்போம். ஓரம் உதிரும், சில வருடங்களில் பழுப்பேறி நொறுங்கும். தாள் மலிவு, அதனால் இதழ் மலிவு, அதனால் எழுதுகிறவருக்கும் கூலி மலிவு. கூலி சொல் கணக்கில்தான். 1912-இல், பென்சில் சீவும் கருவி விற்கும் தொழிலில் இருந்த எட்கர் ரைஸ் பரோஸ், செவ்வாய் கிரகத்தில் வாள் சுழற்றும் ஒரு வீரனை இப்படிப்பட்ட இதழ் ஒன்றில் இறக்கினார். அதே வருடம் டார்சன் வந்தான். பரோஸுக்குக் காசு கொட்டியது. அவருக்குப் பின் வந்த பலருக்கு அந்த யோகம் இல்லை.

நான் பேச வந்தது 'வியர்ட் டேல்ஸ்' என்ற மாத இதழைப் பற்றி. விசித்திரக் கதைகள் என்று பொருள் கொள்ளலாம். 1923 மார்ச்சில் சிகாகோவில் தொடங்கியது. அடுத்த வருடமே கடனில் மூழ்கியது. அந்த நிலையில் ஆசிரியராக வந்தவர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். பார்க்கின்சன் நோய்க்காரர். கை நடுக்கம் கூடிக் கூடி, ஒரு கட்டத்தில் தன் கையெழுத்தைப் போடவே முடியாமல் போனது. அந்த உடம்போடு 1940 வரை இதழை நடத்தினார்.

ரைட்டை எப்படி எடை போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. லவ்கிராஃப்ட் என்ற திகில் கதைக்காரர், கதுல்ஹு என்ற ராட்சத ஜீவனைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கதையை முதலில் திருப்பி அனுப்பியவர் அவர். பிறகு அவரே 1928-இல் அதை வெளியிட்டார். அன்டார்க்டிகாவில் நடக்கும் லவ்கிராஃப்டின் குறுநாவலை வேண்டாம் என்றுவிட்டார்; அது ஐந்து வருடம் கழித்து வேறு இதழில் வந்தது. ஆனால் 1928-இல் ஒரு பள்ளிக்கூடப் பையன் அனுப்பிய எகிப்து ராணிக் கதையை எடுத்துப் போட்டவரும் அவர்தான். அந்தப் பையன் பின்னாளில் டென்னசி வில்லியம்ஸ் என்ற பெயரில் நாடகம் எழுதினார். நடுவில் ரைட்டுக்கு ஒரு ஆசை: சாணித்தாளில் ஷேக்ஸ்பியர் போட்டு விற்க வேண்டும் என்று. ஒரு நாடகத்தைப் போட்டார். விற்கவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டார்.

சரி, அந்த இளைஞருக்கு வருகிறேன். ராபர்ட் ஈ. ஹோவர்ட், 1906-இல் பிறந்தவர். டெக்சாஸில் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊர். எண்ணெய் கிடைத்ததும் திடீரென்று பெருத்து, பிறகு வற்றிய ஊர். அப்பா டாக்டர். அம்மாவுக்குக் காசநோய். பையன் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து டைப் அடிக்கிறான் என்றால் ஊர் என்ன சொல்லும்? நம் ஊர் சொல்வதைத்தான் சொன்னது. எழுதும்போது வசனங்களை வாய்விட்டுக் கத்திக்கொண்டே எழுதுவாராம். பதினெட்டு வயதில் முதல் கதையை வியர்ட் டேல்ஸுக்கு விற்றார். ஆரம்பத்தில் சன்மானம் சொல்லுக்கு அரை சென்ட். அதுவும் கதையை ஏற்றுக்கொண்டதும் வராது. அச்சான பிறகுதான்.

1929 வாக்கில் ஹோவர்ட் ஒரு கதை எழுதினார். கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் அட்லாண்டிஸிலிருந்து வந்த 'கல்' (Kull) என்ற காட்டு வீரன் ஒரு நாகரிக நாட்டுக்கு அரசனாகிவிட்டான். சதிகாரர்கள் இரவில் அவன் படுக்கையறைக்குள் புகுகிறார்கள். இதனோடு ஒரு காதல்: ஒரு பிரபுவும் ஓர் அடிமைப் பெண்ணும். கல்லில் செதுக்கிய பழைய சட்டம் அந்தக் கல்யாணத்தைத் தடுக்கிறது. சண்டை முடிந்து, உடம்பெல்லாம் ரத்தமாக நிற்கும் அரசன் கோடரியை ஓங்கி அந்தச் சட்டக் கல்லை உடைக்கிறான். நல்ல கதை. வீரதீரக் கதை போடும் இரண்டு இதழ்களுக்கு அனுப்பினார். இரண்டும் திருப்பிவிட்டன.

சில வருடம் கழித்து அதையே எடுத்து வியர்ட் டேல்ஸுக்குத் தோதாக மாற்றினார். அங்கே வெறும் அரண்மனைச் சண்டை செல்லாது. பத்திரிகையின் பெயரே விசித்திரக் கதைகள். அதனால் காதலர்களை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு மந்திரவாதியை வைத்தார். தன் மோதிரத்தைத் தொலைத்து அடிமையாகிக் கிடந்தவன், மோதிரம் திரும்பக் கிடைத்ததும் ஒரு பூதத்தை ஏவுகிறான். அரசனின் பெயரையும் மாற்றினார். கோனன். 1932 டிசம்பர் இதழில் வந்தது. பின்னால் உலகமெல்லாம் பரவிய வகைக்கு அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது. வாள் ஹோவர்டுடையது; மந்திரம் பத்திரிகைக்காகச் சேர்ந்தது. கோடரியால் சட்டத்தை உடைக்கும் அந்தக் காட்சி மட்டும் இந்தப் பேரத்தில் போய்விட்டது. என்னைக் கேட்டால், பூதத்தைவிட அந்தக் காட்சி பத்து மடங்கு மேல்.

கோனனின் உலகம்கூட இப்படி வசதி பார்த்துச் செய்ததுதான். ஹோவர்டுக்குச் சரித்திரக் கதை என்றால் உயிர். ஆனால் சரித்திரக் கதைக்கு நூல்கள் வேண்டும், நாள்கணக்கில் தேட வேண்டும், ஒரு தேதி தப்பினால் வாசகர் கடிதம் வரும். சொல்லுக்கு இவ்வளவு என்று பிழைக்கிறவருக்கு அது கட்டாது. அதனால் அட்லாண்டிஸ் மூழ்கிய பிறகு, நமக்குத் தெரிந்த சரித்திரம் தொடங்கும் முன், ஒரு யுகத்தையே கற்பித்தார். எகிப்து மாதிரி ஒரு நாடு, பெயர் ஸ்டிஜியா. இந்தியா மாதிரி ஒரு நாடு, பெயர் வெந்தியா. விந்திய மலையிலிருந்து உருவிய பெயர். அதன் தலைநகர் அயோத்தி. ராணிக்குப் பட்டம் தேவி, பெயரோ யாஸ்மினா. நமக்குச் சிரிப்பு வரும். டெக்சாஸில் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் இந்த அவசரத்துக்குள்ளிருந்து என்ன வந்தது பாருங்கள். 1933 மார்ச் இதழில் வந்த 'யானைக் கோபுரம்' கதையைச் சொல்கிறேன். கோனன் அப்போது இளவயதுத் திருடன். திருடர்கள் நிறைந்த நகரம். அதன் நடுவே வெள்ளி போல மின்னும் கோபுரம், உள்ளே யாரா என்ற மந்திரவாதி. அங்கே யானையின் இதயம் என்று ஒரு ரத்தின மணி இருக்கிறது. கோனன் சுவரேறிக் குதிக்கிறான். அதே இரவில் அதே வேலைக்கு இன்னொருவன் வந்திருக்கிறான்: திருடர்களின் இளவரசன் என்று பெயரெடுத்த பருத்த ஆள். தோட்டத்துச் சிங்கங்களைக் கருந்தாமரைப் பொடி ஊதிக் கொல்கிறான். கயிறு போட்டு மேலே ஏறுகிறார்கள். உச்சியில் அவனை ஒரு ராட்சதச் சிலந்தி கொன்றுவிடுகிறது. இதுவரை சாதாரணத் திருட்டுக் கதை. வேகமாகப் போகும், அவ்வளவுதான்.

அடுத்த அறைக்குள் கோனன் நுழைகிறான். யானைத் தலையோடு ஓர் உருவம் அமர்ந்திருக்கிறது. சிலை என்று நினைக்கிறான். சிலை தும்பிக்கையை நீட்டிக் காற்றைத் துழாவுகிறது. அது உயிருள்ள ஜீவன். கண் தெரியவில்லை, குருடாக்கியிருக்கிறார்கள். கைகால்களைச் சித்திரவதையால் முறித்திருக்கிறார்கள். வேறொரு கிரகத்திலிருந்து பறந்து வந்து, சிறகு வாடித் திரும்ப முடியாமல் பூமியில் தங்கிவிட்ட இனத்தில் கடைசி உயிர் அது. யாரா அதனிடம் வித்தை கற்றுக்கொண்டு, அதையே அடிமையாக்கிக் கோபுரத்தில் அடைத்துவிட்டான். அந்த இடத்தில், இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத கோனனுக்கு, மனித இனத்தின் பாவம் முழுவதும் தன் தலையில் ஏறியது போல ஒரு கூச்சம் வருகிறது. திருட வந்தவன் பக்கத்தில் போய் நிற்கிறான். என் இதயத்தை அறுத்து எடு, ரத்தத்தை அந்த மணியின் மேல் பிழி, யாராவிடம் கொண்டுபோய்க் கொடு என்று அந்த ஜீவன் கேட்கிறது. அவன் செய்கிறான். யாரா சுருங்கிச் சுருங்கி மணிக்குள்ளேயே போய்விடுகிறான். விடியும்போது கோபுரம் உடைந்து சரிகிறது.

யானை முகத்தைத் தினமும் தெருமுனையில் கும்பிட்டு வளர்ந்த நமக்கு, அந்த முகத்தைக் குருடாக, அழுகிற நிலையில் பார்ப்பது இன்னொரு விதமாகத் தைக்கும். எனக்குத் தைத்தது.

இதே இதழில் எழுதிய கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் ஆபர்ன் ஊருக்கு வெளியே, அப்பாவும் அம்மாவும் கட்டிய ஒரு மரக்குடில். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகாமல் அகராதியைப் படித்தே வளர்ந்தவர். அடிப்படையில் கவிஞர். வயதான பெற்றோருக்குச் சோறு போட வேண்டும் என்று கதைக்கு வந்தார். நூறு கதைக்கு மேல் எழுதினார்; பெரும்பாலானவை 1929-க்கும் 1934-க்கும் இடையில். சூரியன் மங்கிப்போன கடைசிக் காலத்துக் கண்டம் ஒன்றைப் படைத்து அதற்கு ஸோதீக் என்று பெயர் வைத்தார். அங்கே இரண்டு மந்திரவாதிகள் ஒரு பேரரசின் பிணங்களை எல்லாம் எழுப்பி வேலை வாங்குகிறார்கள். செத்தவர்கள் கலகம் செய்கிறார்கள். எதற்கு? மறுபடி சாவதற்கு. ஸ்மித்தின் மொழி தடித்த ஜரிகை வேட்டி மாதிரி. எல்லா நாளும் கட்ட முடியாது. மாதம் ஒரு கதை போதும்.

ஹோவர்ட் டெக்சாஸில், ஸ்மித் கலிஃபோர்னியாவில், லவ்கிராஃப்ட் கிழக்கே பிராவிடன்ஸில். ஹோவர்டும் லவ்கிராஃப்டும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. 1930-லிருந்து ஆறு வருடம் கடிதம்தான். கடிதத்துக்குச் சன்மானம் கிடையாது, ஆனால் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மனிதனுக்கு நாகரிகம் இயல்பா, காட்டு வாழ்க்கை இயல்பா என்று சண்டை. லவ்கிராஃப்ட் நாகரிகத்தின் கட்சி, ஹோவர்ட் மற்ற கட்சி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இருவருக்கும் நிறவெறி இருந்தது. லவ்கிராஃப்டிடம் அது ரொம்பவே தடித்தது. சில கதைகளை நாம் கீழே வைத்துவிடத்தான் தோன்றும். வைத்துவிடலாம், தப்பில்லை.

பெண்கள் இல்லையா என்றால், இருந்தார்கள், பெயரில்தான் தெரியவில்லை. 1933 நவம்பரில் சி. எல். மூர் என்ற பெயரில் ஒரு கதை வந்து வாசகர்களை உலுக்கியது. கேத்தரின் மூர், இண்டியானபொலிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்த இளம் பெண். பொருளாதார மந்தக் காலம். வேறு வருமானம் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்து முதலெழுத்துகளுக்குள் ஒளிந்துகொண்டார். மறு வருடம் ஜிரெல் என்ற செந்தலைச் சீமாட்டியைப் படைத்தார். கோட்டையைப் பறித்தவனைக் கொல்ல ஓர் ஆயுதம் தேடி, கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் வழியாக வேறு உலகத்துக்குள் இறங்குகிறாள். கழுத்தில் சிலுவை இருக்கும்வரை அங்கே வெறும் இருட்டு. கழற்றிப் போட்டால்தான் அந்த உலகம் கண்ணுக்குத் தெரிகிறது. இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு பயத்தை வைக்க ஹோவர்டுக்கும் வராது. ஹென்றி கட்னர் என்ற இன்னொரு எழுத்தாளர் இவரை ஆண் என்று நினைத்துப் பாராட்டிக் கடிதம் போட்டார். 1940-இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார்.

அட்டைப்படம் வரைந்த எம். பிரண்டேஜும் பெண்தான், மார்கரெட். அந்தப் பாதி உடுத்திய பெண்கள் இவர் கைவேலை. அட்டை கிடைக்கட்டும் என்றே கதைக்குள் அப்படி ஒரு காட்சியைச் செருகிய எழுத்தாளர்கள் உண்டு. டீக்கடை நண்பருக்கு இது பதில்.

கடைசியில் காசு. 1935 மே மாதம் ஹோவர்ட் ரைட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மாவின் வைத்தியச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, பத்திரிகை தர வேண்டிய பாக்கி 800 டாலருக்கு மேல். சொல்லுக்கு ஒரு சென்ட் என்று வைத்தால்கூட 80,000 சொற்கள். அச்சாகி, வாசகர்கள் படித்து, பழைய பேப்பர்காரனிடம் போய்ச் சேர்ந்த சொற்கள். கோனனை விட்டுவிட்டு, ஒழுங்காகப் பணம் தரும் இதழ்களுக்குக் கௌபாய் நகைச்சுவை எழுதப் போனார். 1936 ஜூன் 11 அன்று, அம்மா இனிக் கண் விழிக்க மாட்டார் என்று தெரிந்ததும், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. அம்மா மறுநாள் போனார். அடுத்த மார்ச்சில் லவ்கிராஃப்ட். ஸ்மித்தும் கதை எழுதுவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு, கல்லில் சின்னச் சின்ன உருவங்கள் செதுக்குவதில் இறங்கினார்.

இத்தனை காலமும் இந்த வகைக்கு ஒரு பெயர் கிடையாது. 1961-இல்தான் மைக்கேல் மூர்காக் என்ற இளம் எழுத்தாளர், இதை என்னவென்று அழைப்பது என்று ஒரு ரசிகர் இதழில் கேட்டார். ஃப்ரிட்ஸ் லைபர் என்ற இன்னொரு எழுத்தாளர் 'சோர்ட் அண்ட் சார்சரி' என்றார். வாளும் மந்திரமும். அதே வருடம் ஆகஸ்ட் 14 அன்று ஸ்மித் இறந்தார். கோனன் கதைகள் ஓவியர் ஃபிராங்க் ஃப்ரசெட்டாவின் அட்டையோடு மலிவுப் பதிப்பாக வந்து லட்சக்கணக்கில் விற்கத் தொடங்க, அதற்கப்புறம் இன்னும் ஐந்து வருடம் ஆனது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். டீக்கடை நண்பர் முதலில்.