மூன்றாம் குரூப்பில் விழுந்த கால்சியம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வாழ்க்கைக்குக் கைகொடுப்பது விரும்பிப் படித்த பாடமா, திணறிப் படித்த பாடமா? இதுதான் தலைப்பு. திணறிப் படித்தது பரீட்சையோடு போய்விடும் என்று எதிரணித் தலைவர் சொன்னார். என்னைத் திணறடித்த பாடம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. வேதியியல். அதில் உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு செய்முறை, 'சால்ட்' என்போம். பொட்டலத்தில் ஒரு கலவையைக் கொடுப்பார்கள். அதில் இரண்டு நேர் அயனி, இரண்டு எதிர் அயனி. நேர் அயனிகளைக் குரூப் குரூப்பாகப் பிரித்து, ஒவ்வொரு குரூப்பாக வரிசையாக வீழ்படிவாக, அதாவது கரையாத பொடியாக, அடியில் படியவைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எதிர் அயனிகளில் ஒன்று இடையூறு செய்கிற அயனி. அதை முதலில் விரட்டாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் தப்பாக வரும். அழுகிய முட்டை வாடையில் மணிக்கணக்காக நின்று, கடைசியில் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நாட்கள் எனக்குப் பல உண்டு.

மாதிரித் தேர்வு அன்று எனக்கு வந்தது ஃபுளோரைடு. அடர் கந்தக அமிலம் விட்டதும் குழாய்ச் சுவரில் எண்ணெய் மாதிரி துளிகள் ஒட்டின. சரி, கண்டுபிடித்துவிட்டேன். அப்புறம் சைனா டிஷ் என்கிற பீங்கான் கிண்ணத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, வற்ற வற்றத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அதை விரட்ட வேண்டும். நேரம் போகிறதே என்று ஒரே தடவையோடு விட்டேன். மூன்றாம் குரூப்பில் வெள்ளையாக வீழ்படிவு வந்தது. அலுமினியம் என்று எழுதினேன்.

அது கால்சியம். ஐந்தாம் குரூப்பில் வர வேண்டியதை ஃபுளோரைடு பிடித்து மூன்றிலேயே தள்ளிவிட்டது. பேராசிரியை திட்டவில்லை. "தப்பு மூன்றாம் குரூப்பில் இல்லைம்மா, அதற்கு முன்னால் இருக்கிறது. முதலில் இருந்து செய்" என்றார்.

நடுவர் அவர்களே, அந்த வார்த்தையோடுதான் அன்று சாயங்காலம் பஸ் ஏறினேன்.

இது 2013-க்கு முந்தைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் ஊருக்கு வராத காலம். போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான். எங்கள் அத்தைக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லியே இரண்டு முறை திரும்பிப் போனார்களாம். சின்ன வயதில் பாட்டி அவரைச் செங்கல் பொடியால் ஈறு கிழியத் தேய்க்க வைத்திருக்கிறார். ஒழுங்காகப் பல் விளக்காத பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் மாவட்டத்துப் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் பல ஊர்களில் அது தாண்டுகிறது. பல் உருவாகிற வயதில் அதைக் குடித்தால் எனாமலிலேயே கறை ஏறும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். இதைத் தண்ணீர் பற்றிய விளம்பரப் பலகைகளில் நானும் படித்திருக்கிறேன், படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். என் கையால் கால்சியம் ஃபுளோரைடை வீழ்த்தி, ஏமாந்து, மறுபடி முதலில் இருந்து செய்த பிறகுதான் அத்தையின் பல் எனக்குப் புரிந்தது. ஆய்வகத்தில் என்னை ஏமாற்றிய அதே கால்சியம், ஃபுளோரைடு ஜோடிதான் அவர் வாய்க்குள்ளும் இருந்தது.

பிடித்த பாடத்தில் எனக்கு எல்லாம் முதல் தடவையே சரியாக வந்தது. திரும்பிப் போய்த் தேட வேண்டிய அவசியமே வரவில்லை, எதிரணியினரே!

அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ நான் பல்லு வெளக்குனதுல தப்பு இல்லையா, கண்ணு?"

நன்றி, வணக்கம்.