வாழையிலைக் கட்சி பேசுகிறேன்

நடுவர் ஐயா, இரண்டு அணி நண்பர்களே, முன் வரிசையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னை முறைக்கிற அம்மா, எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்துக்கு இவ்வளவுதான் நேரம்.

பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோப்ரியாண்ட் தீவுகளில் உறவைக் கட்டிக் காப்பது கடல் தாண்டிப் போகும் சங்கா, வாசலில் குவியும் கிழங்கும் இலையுமா? இதுதான் தலைப்பு. நான் ஏன் கிழங்குக் கட்சி என்று கேட்காதீர்கள், சீட்டுக் குலுக்கினார்கள், கிழங்கு விழுந்தது. இனி அதற்காக உயிரையும் கொடுப்பேன்.

எதிரணித் தம்பி குலாவைப் பற்றி, அதாவது சிப்பி நகைகளைத் தீவு தீவாகக் கைமாற்றுகிற வழக்கத்தைப் பற்றி, அருமையாகப் பேசினார். 1915க்கும் 1918க்கும் நடுவில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்து எழுதியது, சிவப்புச் சிப்பி மாலை கடிகாரம் சுற்றும் திசையில் தீவு தீவாகப் போவது, சங்கு வளையல் எதிர்த்திசையில் வருவது, கைக்கு வந்ததை யாரும் பெட்டியில் பூட்டிவிடக் கூடாது, அடுத்தவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், எல்லாம் சரி. ஒன்றை மட்டும் தம்பி விட்டுவிட்டார். படகில் போகிறவர்கள் டோபு தீவில் இறங்குவதற்கு முன்னால் ஒரு கரையில் உட்கார்ந்து, எண்ணெய் பூசி, முகத்தில் சாயம் தீட்டி, எதிரே வருகிற கூட்டாளியின் மனசு இளக மந்திரம் சொல்வார்கள். ஏன்யா, மனசு இளக மந்திரம் போட்டுத்தான் போக வேண்டுமென்றால் அதற்குப் பேர் உறவா, வசூலா?

கிழங்குக்கு வருகிறேன். சர்க்கரைவள்ளி இல்லை, கொடியேறுகிற வள்ளிக்கிழங்கு. ஒருவன் வருஷம் முழுக்கத் தோட்டத்தில் முதுகொடிகிறான், விளைந்ததில் நல்லதாகப் பொறுக்கிக் கூம்பாகக் குவித்து ஊருக்குக் காட்டுகிறான், கூடை கூடையாகச் சுமந்துபோய்க் கொடுக்கிறான். யாருக்கு? அவன் பெண்டாட்டிக்கா, பிள்ளைக்கா? இல்லை. அக்கா புருஷனுக்கு! நம்ம ஊர் தாய்மாமன் காதுகுத்துக்குச் சீர் வைத்துவிட்டு ஆறு மாதம் வட்டி கட்டுவார், இவன் வருஷா வருஷம் கட்டுகிறான். ஏனென்றால் அங்கே வம்சம் தாய்வழி. அக்கா பிள்ளைதான் இவனுக்கு வாரிசு, வளர்வது மட்டும் அடுத்தவன் வீட்டில்.

வந்த கிழங்கு எங்கே போகிறது? மரத்துண்டு அடுக்கிக் கட்டிய கிடங்குக்கு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், போகிற வருகிறவன் கண்ணில் படும்படி வாட்டசாட்டமான கிழங்காகப் பார்த்து ஓரத்தில் வைப்பார்கள். அப்புறம்தான் விஷயமே. மந்திரக்காரர் ஒருவர் வருகிறார். கிழங்கு கெடாமல் இருக்க மந்திரம் போடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? கிழங்குக்கு இல்லை ஐயா, சாப்பிடுகிறவன் வயிற்றுக்கு! அவனுக்குப் பசியே எடுக்கக் கூடாது, எடுத்தாலும் காட்டுப் பழத்தைத் தேடி ஓட வேண்டும், கிடங்குப் பக்கம் திரும்பக் கூடாது.

இதையே அந்த அக்கா புருஷன் இடத்திலிருந்து பாருங்கள். மச்சான் கொடுத்த கிழங்கு மலை மாதிரி நிற்கிறது. பையன் சாப்பாடு கேட்கிறான். இவர், "காட்டில் நல்ல பழம் இருக்கிறதாம், போய்ப் பார்." பையன் போகிறான். இவர் இடைவெளியில் கண்ணை வைத்து எண்ணுகிறார், அத்தனையும் இருக்கிறது. பெண்டாட்டி சட்டியோடு வந்து நிற்கிறாள். "உனக்கும் பசிக்கிறதா? மந்திரக்காரன் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறதே!" கடைசியில் பாதி அழுகிப்போனால் அவருக்கு வருத்தமா? பெருமை! தின்று தீர்க்க முடியாத அளவுக்கு வந்தது என்று ஊர் பேசும். "உனக்குச் சாப்பாடு இல்லை" என்று யாராவது சொல்லிவிட்டால்தான் அங்கே மானம் போகும், அதற்காக இரண்டு ஊர் மல்லுக்கு நின்று, கிழங்கை எதிரூரில் கொண்டுபோய்க் கொட்டி, "எண்ணிப் பாருடா" என்பார்கள்.

நடுவர் சிரிக்கிறார். பாதி தீர்ப்பு வந்துவிட்டது.

இப்போது தம்பி அடித்த நக்கலுக்கு வருகிறேன். "எங்கள் அணி கொண்டுவந்தது கடல், அவர்கள் கொண்டுவந்தது காய்ந்த வாழையிலை. சாப்பிட்டால் மடித்துப் போடுகிற இலையில் என்ன உறவு?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள், நான் பார்த்தேன், அந்த மூன்றாவது வரிசை.

தம்பி, அந்த இலை எப்படி ஆகிறது தெரியுமா? கோலம் செதுக்கிய பலகையில் பச்சை இலைக் கீற்றை வைத்து, சுரண்டிச் சுரண்டி அந்தக் கோலத்தை அதில் பதித்து, வெயிலில் உலர்த்தி, கீற்றுகளைச் சேர்த்து ஒரு முனையில் கட்டி, மறுமுனையை விரித்துவிட்டால் ஒரு கட்டு. அங்கே பெண்களின் கையிருப்பு அதுதான். மலினோவ்ஸ்கி இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை, அவர் கண் படகின் மேல். 1971இல் அன்னெட் வைனர் என்ற மானிடவியல் அம்மா அங்கே போனார். ஊருக்குள் நுழைந்த முதல் நாளே ஒரு சாவுச் சடங்கில் பெண்கள் நடுத்திடலில் நின்று ஆயிரக்கணக்கில் இலைக்கட்டு பங்கிடுவதைப் பார்த்தார். மனைவியின் தாய்வழியில் ஒருவர் செத்தால், புருஷன் தன்னிடம் இருக்கிற கிழங்கு, பன்றி, காசு, கடைச் சாமான் எல்லாவற்றையும் கொடுத்து அவளுக்குக் கட்டு சேர்த்துத் தர வேண்டும். மச்சான் கொண்டுவந்து கொட்டிய கிழங்குக்கு அவர் செய்கிற பதில் அதுதான். மடித்துப் போடுகிற இலையா இது?

அந்தக் கட்டு யாருக்குப் போகிறது? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அங்கே அப்பா பிள்ளையின் வம்சம் இல்லை. ஆனால் பிள்ளை முகம் அப்பா மாதிரிதான் இருக்கிறது என்பார்கள். அம்மா சாயல் என்று சொன்னால் அது அவமானம். தோளில் தூக்கித் திரிகிறவர், அழுக்குத் துடைக்கிறவர், சோறூட்டுகிறவர், எல்லாம் அப்பாதான். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் செத்துப்போகிறான் என்று வையுங்கள். பிணத்தைக் கழுவுவது, சுமப்பது, தலையை மழித்துக்கொள்வது, உடம்பில் கரி பூசிக்கொண்டு மாதக்கணக்கில் திரிவது எல்லாம் அப்பா பக்கத்தாரும் பெண்டாட்டியும். சொந்த வம்சத்தார் பிணத்தைத் தொடுவதில்லை. எல்லாம் ஆன பிறகு அந்த வம்சத்துப் பெண்கள் திடலுக்கு வந்து, அழுதவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் இலைக்கட்டுகளை வைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தக் கிழவர் கரி பூசிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார் தம்பி, அவரிடம் போய் இது காய்ந்த இலைதானே என்று சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் நாம் சங்கைப் பற்றிப் பேசலாம்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி.