கடன் வாங்கிய இலக்கணமே நாவில் நிற்கும்

நடுவர் அவர்களே, ராயபுரத்துக் கடற்காற்றை விட்டுவிட்டு இந்த அரங்கில் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். புதிதாக ஒரு மொழியைக் கட்டுகிறவர் அதன் இலக்கணத்தை வழக்கிலுள்ள மொழிகளிடம் கடன் வாங்கலாமா, தாமே படைக்க வேண்டுமா என்பதே இன்றைய வழக்கு. வாங்கலாம் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் கிளிங்கானைச் சாட்சிக்கு அழைத்தார். 1984இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் படத்துக்காக மார்க் ஒக்ராண்ட் விரிவாக உருவாக்கிய அம்மொழியில் செயப்படுபொருள் முதலிலும், வினை நடுவிலும், எழுவாய் கடைசியிலும் நிற்பதால் அது மனித நாவுக்கே அந்நியம் என்றார். பிரேசிலில் ஹிஷ்கரியானா பேசும் மக்களின் வழக்கமான வரிசையே அதுதான், ஐயா! அரிதானதைப் புதியது என்று எண்ணிவிட்டார் தோழர். அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். காசிமேட்டில் நின்றால் "வஞ்சிரத்த வாங்கிட்டாங்க அத்தை" என்று காதில் விழும். 'ஐ' உருபு ஒட்டியிருப்பதால், வாங்கியது யார், வாங்கப்பட்டது எது என்று எவரும் குழம்புவதில்லை.

1887இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியை வெளியிட்ட சாமன்ஹோப், செயப்படுபொருளுக்கு 'ன்' என்ற ஈற்றை வைத்தது இதே வசதிக்காகத்தான். ஆனால் ஐரோப்பிய வழக்கத்தைப் பின்பற்றி அதைப் பெயரடைக்கும் ஒட்டினார். 'பெரிய மீனை' என்று நாம் ஓரிடத்தில் முடிப்பதை அவர் ஈரிடத்தில் சொல்லவைத்தார். கற்பவர் பலர் அந்த 'ன்'னில் இடறுகிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. அது கடனின் குற்றமன்று. ஒரே தெருவில் கடன் வாங்கியதன் குற்றம்.

2009இல் வந்த அவதார் படத்துக்கு நாவி மொழியை அமைத்த பால் ஃப்ரோமர் அமெரிக்கர். அவருடைய ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆயினும் நாவியில் அவ்விரண்டையும் பிரித்தே வைத்தார். 'ஓஎ' என்றால் நான், 'ங' என்றால் நீ, இரண்டும் சேர்ந்தால் 'ஓஎங்', அதாவது நாம் இருவர். கடலுக்குப் புறப்படுகிறவர் கரையில் நிற்பவரிடம் "நாங்க போறோம்" என்றால் விடைபெறுகிறார். "நாம போலாம்" என்றால் படகில் ஏறச் சொல்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பேசித் தேய்த்த இத்தகைய நுட்பத்தை, எந்த மொழியையும் பாராமல் ஒருவர் தனி அறையில் அமர்ந்து படைத்ததற்கு ஒரே ஒரு சான்றை எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் தரட்டும்.