அமைதியான கீழ்ப்படிதல் என்பது கேள்வி கேளாமல் இருப்பதா?

கல்முனையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிற கேள்வியை இப்பொழுது எடுத்துக்கொள்கிறேன். அவர் பல ஆண்டுகளாக ஞாயிறு பாடசாலையில் கற்பித்து வருகிறார். வாலிபர் கூட்டத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்யும்போதெல்லாம் மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களே தெரிவாகிறார்கள் என்றும், அமைதியாகக் கீழ்ப்படிவது என்றால் எதையும் கேளாமல் இருந்துவிடுவதா என்றும் கேட்கிறார்.

முதலில் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலைப் பாருங்கள். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று தீர்க்கதரிசி சாமுவேல் அவனிடம் சொன்ன வசனத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுவோம். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் நடந்ததை ஏனோ பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. எல்லாவற்றையும் அழிக்கும்படி கர்த்தர் சொல்லியிருந்தும், அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்ட கையோடு சவுல் கர்மேலுக்குப் போய்த் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பத்தை நாட்டுகிறான். பின்பு குற்றம் வெளிப்பட்டு, ‘பாவம் செய்தேன்’ என்று ஒப்புக்கொள்ளும்போதும், ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி அதே மூச்சில் கேட்கிறான். மனந்திரும்புகிற வேளையிலும் அவன் கண் கூட்டத்தின் மேலேயே இருந்தது என்பதுதான் எனக்கு அந்த அதிகாரத்தில் மிகவும் பயமூட்டுகிற பகுதி.

தாவீதோ அடுத்த ராஜாவாக அபிஷேகம் பெற்ற பின்பும் தகப்பனுடைய ஆடுகளை மேய்க்கத் திரும்பிப் போனான். நம் காலத்தில் என்றால் அடுத்த வாரமே பதாகை அடித்திருப்போம்.

தலைமைக்கு யார் தகுதி என்பதை 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் விளக்குகிறது. அங்கே பவுல் கேட்கிற திறமை என்று பார்த்தால், போதிக்கத் தக்கவனாயிருப்பது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் குணத்தையும் குடும்பத்தையும் பற்றியவை. அதோடு, சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறார். இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவர்களும் ஒரே சந்தையில் வாங்கி விற்கிற உங்கள் ஊரில் இதைச் சோதிப்பது கடினமல்ல. கடன் கொப்பியில் நம் பெயருக்கு நேரே உள்ள கணக்கை எப்படித் தீர்க்கிறோம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டால், நம் சாட்சியைச் சபையாரை விட அவர் சரியாகச் சொல்லுவார்.

மேடையில் தெரியாமல் அமைதியாகக் கீழ்ப்படிகிறவர்களை நினைக்கும்போது, பலன் கண்ணில் படாமலே உழைத்த வில்லியம் ஓல்ட் நினைவுக்கு வருகிறார். கப்பல் பயணத்திலேயே மனைவியை இழந்த அந்த மெதடிஸ்த மிஷனரி, 1814இல் தனியாக மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, 1815ஆம் ஆண்டிலேயே இங்கே மரித்துப்போனார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடங்கியதன் தொடர்ச்சி. அதன் வளர்ச்சியை அவர் பார்க்கவில்லை.

இனி, கேள்வி கேட்கலாமா என்ற பகுதிக்கு வருவோம். கீழ்ப்படிதல் முதலாவது கர்த்தருக்கே உரியது. தலைவர்களுக்குச் செலுத்துவது அதற்கு உட்பட்டது. அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. எனவே, சபையில் ஒரு தவறு நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதைத் தாழ்மை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. தமக்கு வசதியாக இருப்பதற்காகவே அப்படிச் சொல்லுகிற தலைவர்களும் உண்டு.

ஆகவே, சகோதரி, தெரிவு எந்த அடிப்படையில் நடக்கிறது என்று உங்கள் போதகரிடம் தனியே, நேரில் கேளுங்கள். மற்றவர்களிடம் குறையாகப் பேசிய பிறகு அல்ல, அதற்கு முன்பே கேளுங்கள். அந்தப் பொறுப்பைச் செய்ய உங்களுக்கே விருப்பம் இருக்குமானால் அதையும் மறைக்க வேண்டாம். கண்காணிப்பை, அதாவது சபையை நடத்தும் பொறுப்பை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்றுதான் முன்பு பார்த்த 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் தொடங்குகிறது.