ஒளி வகுத்த நடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். உலக நாடகத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். 2,500 ஆண்டுக் கதையை ஆண்டு வரிசையில் ஒப்பித்தால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும் என்பதால், ஒரேயொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று எண்ணுகிறேன். நடிகர்மேல் விழுந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது, அது பார்வையாளர்மேலும் விழுந்ததா என்பதே அந்தக் கேள்வி. நாடக வகைகளைப் பிரித்துப் பேசும்போது கதையையும் மொழியையும் பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நாம் விளக்கை மறந்துவிடுகிறோம். முகத்தில் எதைப் பூசுவது, கையை எவ்வளவு வீசுவது, யாரைப் பார்த்துப் பேசுவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்ததில் பல காலங்களில் நாடக ஆசிரியரைவிட விளக்குக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸில், டயோனைசஸ் தெய்வத்துக்கு வசந்த காலத்தில் எடுத்த விழாவின்போது, அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் நாடகப் போட்டிகள் நடந்தன. சூரியனே அங்கே விளக்கு. அந்த மரபில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுந்து பின்னர் விரிவாக்கப்பட்ட எபிடாரஸ் கல்லரங்கு 12,000 பேருக்கு மேல் கொள்ளும். அத்தகைய அரங்கின் கடைசிப் படியில் இருப்பவருக்கு நடிகரின் புருவம் அசைவது தெரிய வழியில்லை. முகத்தை முழுதும் மூடிய முகமூடியும் உடலின் பெரிய அசைவுகளும் கணீரென்ற குரலுமே அவ்வளவு தொலைவைக் கடக்க முடியும். நாடக ஆசிரியர்களில் ஏஸ்கிலஸ் இரண்டாவது நடிகரையும் சோஃபக்ளீஸ் மூன்றாவது நடிகரையும் கொண்டுவந்ததாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அந்த மூன்று நடிகர்களே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்க வேண்டியிருந்தபோது, அரசியாக உள்ளே போனவர் தூதனாக வெளியே வருவதற்கும் முகமூடியே கைகொடுத்தது. பகல் வெளிச்சத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகளில், கி.மு. 472-இல், தோற்றுப்போன பாரசீகர்களின் புலம்பலையே ஏஸ்கிலஸ் நாடகமாக்கினார். வென்ற ஊரார் எதிரியின் துயரத்தை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி, வளைந்த படிகளில் அமர்ந்து கண்டார்கள். யார் கலங்கினார், யார் கலங்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்.

சூரிய வெளிச்சத்தில் நடிப்பவருக்குப் பெரிய சோதனை இரவுக்காட்சிதான். லண்டனில் 1599-இல் எழுந்த குளோப் அரங்கில், கூரையில்லாத முற்றத்தில் மக்கள் மேடையை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்க, நாடகம் பிற்பகலில் நடந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நள்ளிரவுக் காவலில்தான் தொடங்குகிறது. பட்டப்பகலில் நிற்கும் இரு காவலர்கள் ‘யாரது?’ என்று தடுமாறிக் கேட்பதும், மணி பன்னிரண்டு அடித்ததையும் குளிர் கடுமையாக இருப்பதையும் சொல்வதும் சேர்ந்து அந்த இரவை உண்டாக்குகின்றன. பாத்திரங்கள் தீப்பந்தமோ மெழுகுவத்தியோ ஏந்தி வந்தால் இருட்டிவிட்டது என்று பொருள். அந்த நாடகங்களின் மொழி அவ்வளவு செறிவாக இருப்பதற்கு ஆசிரியரின் மேதைமையோடு, மேடையில் இருட்டே கிடைக்காத வறுமையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே சோதனைக்குச் சீனர்கள் கண்ட விடை வேறு. பேரரசர் சியென்லுங்கின் 80-ஆம் பிறந்தநாளை ஒட்டி 1790-இல் அன்ஹுய் மாநிலக் குழுக்கள் பெய்ஜிங்குக்கு வந்ததிலிருந்து அந்நகரின் இசைநாடகம் உருப்பெறத் தொடங்கியது என்பார்கள். அதில் புகழ்பெற்ற ஒரு காட்சி சத்திரமொன்றில் இரண்டு ஆடவர் நடத்தும் சண்டை. மேடை முழுதும் வெளிச்சமாக இருக்கிறது. ஆனால் அறை கும்மிருட்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் கைகளால் காற்றைத் துழாவுகிறார்கள். ஒருவரின் வாள் மற்றவரின் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் போகிறது, அவருக்கு அது தெரியவில்லை. ஒரு மேசையின் மேலும் கீழுமாக இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். உண்மையாகவே விளக்கை அணைத்திருந்தால் இந்த வித்தையில் ஒன்றையும் கண்டிருக்க முடியாது. ஷேக்ஸ்பியர் சொல்லால் செய்ததை இவர்கள் சொல்லே இல்லாமல் உடலால் செய்கிறார்கள்.

கூரைக்கு அடியில் எரிந்த விளக்குகள் வேறொரு நடிப்பை வளர்த்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உள்ள மேடையை அளந்து சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. விளக்கமைப்பைத் தொழில்நுட்பமாகவே எண்ணிப் பார்த்தவர்களின் குறிப்பு அது. கேரளக் கோயில்களின் கூத்தம்பலங்களில் கூடியாட்டம் என்ற சமஸ்கிருத நாடகம் ஒரு வெண்கலக் குத்துவிளக்கின் முன் நடக்கிறது. திரிகளில் இரண்டு நடிகரை நோக்கியும் ஒன்று அவையை நோக்கியும் எரிகின்றன. பார்ப்பவர்கள் சிலராகவும் அருகிலும் இருப்பதால் சாக்கியார் எனப்படும் நடிகர் கண்ணாலேயே மலையைக் காட்டுகிறார், அதன் உச்சிவரை ஏறுகிறார், அங்கிருந்து விழும் அருவியைத் தொடர்ந்து கீழே இறங்குகிறார். ஒரே சுலோகத்தை விரித்து நெடுநேரம் நடிக்கும் துணிவு எபிடாரஸ் நடிகருக்கு வாய்த்திருக்காது. அவருடைய கண்கள் யாருக்கும் தெரியாது.

ஜப்பானின் நோ நாடகம், 14-ஆம் நூற்றாண்டில் கன்அமியும் அவர் மகன் ஸெஅமியும் செம்மைப்படுத்திய வடிவம், திறந்த வெளியில் வளர்ந்தது. மேடையைச் சுற்றிப் பரப்பிய வெண்கூழாங்கற்கள் வெயிலை மேல்நோக்கித் திருப்பி அனுப்பின. நோ முகமூடியைச் சற்றே உயர்த்தினால் அதில் மலர்ச்சியும், சற்றே தாழ்த்தினால் துயரமும் தோன்றும். நிழல் இடம் மாறுவதன்றி அந்த மரத்தில் எதுவும் மாறுவதில்லை. 1603 அளவில் கியோட்டோவில் ஒக்குனி என்ற பெண் தொடங்கிவைத்த கபுகி நாடகமோ, 1629-இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தபின் ஆடவர் கலையாக மாறியது. அதன் கொட்டகைகளில் உயரத்தில் இருந்த சாளரக் கதவுகளைத் திறந்தும் மூடியும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். அது போதாதபோது கறுப்புடை அணிந்த உதவியாளர் ஒருவர் நீண்ட கோலின் நுனியில் மெழுகுவத்தியைப் பொருத்தி, நடிகர் நகர நகர அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே போவார். வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்புக் கோடுகளைத் தடித்து வரைவதும், உச்சக்கட்டத்தில் நடிகர் சிலைபோல் உறைந்து நிற்பதும் ஏன் என்பது அந்த ஒற்றைச் சுடரை நினைத்தால் விளங்கும்.

ஐரோப்பாவிலும் அரங்கு கூரைக்குள் போனபின் நெடுங்காலம் பார்வையாளர்மேல் வெளிச்சம் இருந்தது. இசைநாடக அரங்குகளில் தலைக்கு மேல் சரவிளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. செல்வர்கள் தங்கள் தனியறைகளிலிருந்து மேடையைப் பார்த்த நேரத்தைவிட எதிர் அறையைப் பார்த்த நேரம் கூடுதலாக இருந்திருக்கலாம். மேடை விளிம்பில் தரையோடு வைத்த விளக்கு வரிசைக்கு அருகே வந்தால்தான் முகம் தெரியும் என்பதால் நடிகர்களும் விளிம்புக்கு வந்து அவையைப் பார்த்தே பேசினார்கள். 1817-இல் லண்டனின் பெரிய அரங்குகளுக்கு எரிவாயு விளக்கு வந்தது. ஓரிடத்தில் நின்று குழாயைத் திருகி எல்லா விளக்குகளையும் ஒருசேரத் தாழ்த்த முடிந்தது அப்போதுதான். ஆபத்தும் அதனோடு வந்தது. 1881 டிசம்பரில் வியன்னாவின் ரிங் அரங்கு தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதே மாதத்தில் லண்டனில், முழுதும் மின்விளக்கு பொருத்திய சவாய் அரங்கின் உரிமையாளர் டாய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு மின்விளக்கை மெல்லிய துணியில் சுற்றி உடைத்தார். கண்ணாடி நொறுங்கியது, ஒளி அணைந்தது; துணி கருகவில்லை என்று அவைக்குக் காட்டினார்.

இதற்குச் சற்று முன், 1876-இல், பைராய்ட் நகரில் தாம் கட்டிய அரங்கில் ஜெர்மன் இசைநாடக ஆசிரியர் வாக்னர் பார்வையாளரை இருட்டில் அமர்த்தியிருந்தார். 1887-இல் பாரிஸில் இயக்குநர் ஆந்த்வான் தொடங்கிய சுதந்திர அரங்கும், 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் அந்த இருட்டைத் தம் கலைக்கே அடிப்படையாக்கிக்கொண்டார்கள். ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க் 1888-இல் எழுதிய ஒரு நாடக முன்னுரையில், தரைவிளக்குகள் முகத்தின் நுண்மையைக் கெடுப்பதால் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். பார்வையாளர் பகுதி இருண்டதும் நடிகர் அவர்களை மறக்க முடிந்தது. அவையினருக்கு முதுகைக் காட்டி நிற்கவும், தாழ்ந்த குரலில் பேசவும், ஒன்றுமே பேசாமல் தேநீர் ஊற்றவும் துணிவு வந்தது. ரஷ்ய நாடக ஆசிரியர் செக்கோவின் மௌனங்களை வெயிலில் நடிப்பது கடினம். பெரிய ஆதாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வந்து 150 ஆண்டுகளே ஆகின்றன. அதையே நாடகத்தின் இயல்பான நிலை என்று கொண்டு மற்ற மரபுகளை ‘மிகை நடிப்பு’ என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இருட்டை ஐயத்தோடு பார்த்தவர்களும் நெடுநாள் காத்திருக்கவில்லை. 1935-இல் மாஸ்கோவில் சீன இசைநாடக நடிகர் மேய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்ட ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட், தம்மை யாரோ பார்க்கிறார்கள் என்பதைச் சீன நடிகர் மறைப்பதே இல்லை என்று வியந்து எழுதினார். தம் மேடைகளில் விளக்குகளை ஒளித்துவைக்காமல் எல்லாரும் காணும்படி தொங்கவிட்டார். லண்டனில் 1997-இல் மீண்டும் எழுப்பிய குளோப் அரங்கில், இரவுக் காட்சிகளின்போதும் நடிகர்மேல் விழுவது போன்ற வெளிச்சமே நிற்பவர்கள்மேலும் விழும்படி விளக்குகளை அமைத்தார்கள். பிரேசில் நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் இன்னும் தொலைவு போனார். ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்று அவர் வளர்த்த முறையில், அநீதி நடக்கும் காட்சியைப் பார்வையாளர் கையுயர்த்தி நிறுத்தலாம்; எழுந்து வந்து ஒடுக்கப்படுபவரின் இடத்தில் தாமே நின்று வேறு வழியை நடித்துக் காட்டலாம். அவை முழுதும் விளக்கு எரிந்தால்தான் அது நடக்கும். இல்லையென்றால் உயர்ந்த கை யாருடையது என்று நடத்துபவருக்கே தெரியாது.