விளையாடாத நாளின் கணக்கு

வணக்கம் நேயர்களே. இந்த நேரம் அந்திக் கொழுந்து நிறுத்து முடித்து, கை கால் கழுவி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருப்பீர்கள். குடித்துக்கொண்டே கேளுங்கள். இன்றைக்குக் கொஞ்சம் கணக்கு வரும். பென்சிலும் கடதாசியும் வேண்டாம், மனதிலேயே போடக்கூடிய கணக்குத்தான்.

நான் 34 வருடம் நம்ம இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கணிதம் படிப்பித்தவன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருக்கிறது. பைக்குள் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று நீலப் பந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் என்ன வரும் என்று கேட்கும் பாடம். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். எனக்கு அது எப்போதும் மனவருத்தம். அடுப்படிக்கும் சம்பளத்துக்கும் அவ்வளவு நெருக்கமான பாடம் அந்தப் புத்தகத்தில் வேறு கிடையாது. அதனால்தான், நிகழ்ச்சிக்கு அழைத்தவர்கள் அமெரிக்கப் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றபோது, அந்தப் பயணத்தில் ஒன்றுமே நடக்காத ஒரு நாளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன்.

2018ஆம் ஆண்டு. என் அக்காவின் மகன் லொஸ் ஏஞ்சலிஸில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, உழைப்பாளி. சீட்டு விளையாட்டில் அவனுக்குப் பெரிய ஆசை. "மாமா, வாங்க, 12 நாள் லீவு போட்டிருக்கேன். காரிலேயே ஊர் ஊரா போவோம்" என்றான். ஊர் ஊராக என்றால் கசினோ கசினோவாக, அதாவது சூதாட்ட விடுதி விடுதியாக. முதலில் கொலராடோ ஆற்றங்கரையில் லாஃப்லின், பிறகு லாஸ் வேகஸ், அங்கிருந்து வடக்கே ரீனோ, கடைசியில் தாஹோ ஏரி. அந்த நெவாடா மாநிலத்தில் 1931இலேயே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கினால் ஸ்லொட் மெஷின், காசு போட்டுச் சூதாடும் மெஷின், நிற்கிறது. பெற்றோல் செட்டில் நிற்கிறது, பலசரக்குக் கடையில் நிற்கிறது.

நான் விளையாடவில்லை. எனக்கு வேறு வேலை கொடுத்தான். தலவாக்கலையில் வாங்கிய ஒரு சி.ஆர். கொப்பி என் பையில் இருந்தது. "மாமா, எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழும்பினேன், கையில் எவ்வளவு இருந்தது, மூன்றையும் எழுதுங்க" என்றான். எழுதினேன். ஆறு நாள் எழுதினேன்.

அவன் விளையாடுவது பிளாக்ஜாக். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், கசினோ சார்பில் சீட்டுப் போடுபவரை விடக் கூடுதலாக எடுக்க வேண்டும். அவ்வளவுதான். எந்தச் சீட்டு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை ஒன்று இருக்கிறது. அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே விளையாடலாம், யாரும் தடுப்பதில்லை. அட்டை சொல்வதை அப்படியே செய்தால், பழைய விதி உள்ள மேசையில், கட்டும் ஒவ்வொரு நூறு டொலருக்கும் சுமார் அரை டொலர்தான் கசினோவுக்குப் போகும். நூற்றுக்கு அரை. இந்த 'அரை'யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

ஆறாவது நாள் லாஸ் வேகஸில் எனக்குக் காதுக்குள் ரீங்காரம் தொடங்கியது. படுத்தாலும் மெஷின் சத்தம். விளையாடும் கூடத்தில் சன்னல் கிடையாது, சுவரில் மணிக்கூடு கிடையாது. விடிந்ததா இருட்டியதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். காலையில் மருமகனிடம் சொன்னேன்: "தம்பி, ரீனோவுக்குப் போகும் வழியில் எங்கேயாவது ஒரு நாள் நிற்போம். அன்றைக்கு விளையாட்டு வேண்டாம்." கொஞ்சம் முகம் சுருங்கியது. ஆனாலும் மாமா கேட்டால் மறுக்க மாட்டான்.

அப்படித்தான் டொனோபாவுக்குப் போனோம். லாஸ் வேகஸுக்கும் ரீனோவுக்கும் ஏறத்தாழ நடுவில், 95ஆம் இலக்கப் பெருந்தெருவில் இருக்கிற சின்ன ஊர். இரண்டாயிரம் பேர் அளவுதான் சனத்தொகை. நம்முடைய பெரிய தோட்டம் ஒன்றில் அதைவிடக் கூடுதலான சனம் இருக்கும். நான் ஆச்சரியப்பட்டது என்ன தெரியுமா? அந்த ஊரின் உயரம். ஏறத்தாழ 6000 அடி. நம்ம நுவரெலியாவின் உயரம்! அதே உயரம், அதே குளிர். ஆனால் பச்சை என்று ஒன்று இல்லை. பாலைவனம், காய்ந்த புதர், மண் மேடு. மழையும் மூடுபனியும் இல்லாத நுவரெலியாவை நினைத்துப் பாருங்கள். என்னால் அதுவரை நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

மறுநாள் விடிய எழும்பினேன். மருமகன் நல்ல தூக்கம். வீட்டிலிருந்து கொண்டுபோன தேயிலைத்தூள் இருந்தது. அறையில் இருந்த கோப்பி போடும் மெஷினில் வெந்நீர் எடுத்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். தூரத்தில் ஒரு லொறி போகிறது, அது போய் மறைந்த பிறகும் மறைந்தது காதுக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் காலைக் கூட்டம், இல்லாத நாளில், லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தால் ஓர் அமைதி வருமே, அது. ஆறு நாளைக்குப் பிறகு அதைக் கேட்டேன்.

அந்த ஊர் வெள்ளிச் சுரங்கத்தால் உண்டான ஊர். 1900இல் ஜிம் பட்லர் என்பவர் அங்கே வெள்ளி கண்டுபிடித்தார். அப்புறம் நாலா பக்கமிருந்தும் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். ஊர் ஓரத்தில் பழைய மயானம் ஒன்று இருக்கிறது, நடந்து போனேன். 1911 பெப்ரவரியில் பெல்மண்ட் சுரங்கத்தில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கேதான் கிடக்கிறார்கள். பில் மர்ஃபி என்ற ஒரு தொழிலாளி. புகைக்குள் இரண்டு தடவை இறங்கி ஆட்களை மேலே கொண்டுவந்தவர். மூன்றாம் தடவை இறங்கினார், உயிரோடு திரும்பவில்லை. கடல் கடந்து வந்து, வேறொருவரின் வெள்ளிக்காக மண்ணுக்குள் போனவர்கள் அங்கே நிறையப் பேர். நம் மூதாதையரை நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை. தேயிலைக்கு அடியில் கிடக்கும் நம் ஆட்களில் எத்தனை பேருக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது? அங்கே மரப்பலகையிலாவது பெயர் எழுதியிருக்கிறார்கள்.

சரி. அறைக்குத் திரும்பினேன். மருமகன் எழும்பி உடுப்புத் துவைக்கக் கொண்டுபோயிருந்தான். துணி காயும் வரை வேறு வேலை இல்லை. கொப்பியை எடுத்தேன்.

முதலில் அவனிடம் கேட்டேன்: "தம்பி, இதுவரைக்கும் எவ்வளவு போயிருக்கும்?" யோசித்தான். "ஒரு இருநூறு போயிருக்கும் மாமா. செவ்வாய்க்கிழமை நல்லா வந்ததே" என்றான். கொப்பியில் கூட்டிப் பார்த்தேன். 710 டொலர் போயிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை நேயர்களே. நன்றாக வந்த செவ்வாய்க்கிழமை அவன் மனதில் பதிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போன மற்ற ஐந்து நாளும் பதியவில்லை.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரம் எடுத்தாலும் சொல்லியே ஆக வேண்டும்.

அம்மா கொழுந்து எடுத்தவர். அப்போது கிலோ வரவில்லை, இறாத்தல்தான், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல நாளில் 40 இறாத்தல் எடுப்பார். காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு இறாத்தல் வெட்டுவார்கள். கூடைக்கு என்பார்கள், ஈரத்துக்கு என்பார்கள். வாதாடினால், "இரண்டு இறாத்தல்தானே, அதுக்கு ஏன் சத்தம்" என்று கேட்பார்கள். அம்மா சொல்வார்: "மழை நாளில் வெட்டினால் சரி, வெயில் நாளிலும் வெட்டுகிறார்களே." இந்தப் பேச்சு உங்களில் பலருக்குப் புதிதாக இருக்காது.

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போடுவார். ஒரு நிறுவைக்கு ஒரு கோடு. ஒரு நாளைக்கு மூன்று கோடு. மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொல்வார். 25 நாள் வேலை என்றால் 75 கோடு. கோட்டுக்கு இரண்டு, 150 இறாத்தல். 40 இறாத்தல் எடுக்கிற கைக்கு அது ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு. நான்கு நாள் வெயிலிலும் மழையிலும் நின்றது எங்கே போனது? யாரும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரே தடவையில் எடுத்தால் தோட்டமே எழும்பி நின்றிருக்கும். இரண்டு இரண்டாகப் போனது.

நான் கணித ஆசிரியனாக வந்தது அந்தச் சுவரால்தான். வெட்டு எவ்வளவு என்று மட்டும் கேட்காதே, எத்தனை தடவை என்றும் கேள். இதை 34 வருடம் வகுப்பில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். எத்தனை தடவை?

டொனோபாவில் அந்தக் கேள்வியைத்தான் கொப்பியிடம் கேட்டேன். ஆறு நாளில் 31 மணித்தியாலம் விளையாடியிருக்கிறான். ஒரு தடவை சீட்டுப் போட்டு முடிவதை ஒரு கை என்பார்கள். மணிக்கு 70 கை என்று வைத்தால், 2170 கை. ஒவ்வொரு கைக்கும் 15 டொலர். பெருக்கினால் 32,550 டொலர்! மருமகன் அதிர்ந்துபோனான். "மாமா, நான் கொண்டு வந்ததே இரண்டாயிரம்தான்." உண்மைதான். ஆனால் அதே இரண்டாயிரம் போய் வந்து, போய் வந்து, அந்த மேசையில் 32,550 டொலராகத் தராசில் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் வெட்டு உண்டு.

சரி, நூற்றுக்கு அரை என்றால் 163 டொலர்தானே போக வேண்டும்? 710 ஏன் போனது? இங்கே இன்னொன்று கண்டுபிடித்தோம். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்துவிட்டால் அதற்குத்தான் பிளாக்ஜாக் என்று பெயர். பழைய வழக்கத்தில் இரண்டுக்கு மூன்று கொடுப்பார்கள். 15 கட்டியவருக்கு 22 டொலர் 50 சதம். இப்போது பல மேசைகளில் ஐந்துக்கு ஆறு. அதே 15க்கு 18 டொலர்தான். வித்தியாசம் நாலரை டொலர். ஏறத்தாழ 21 கைக்கு ஒரு தடவை அப்படிச் சீட்டு வரும். 2170 கையில் சுமார் 103 தடவை. நாலரையால் பெருக்குங்கள், 460 டொலருக்கு மேல். மேசை விரிப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அவன் வாசிக்கவில்லை, ஆறு நாளும் அந்த மேசைகளில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

நான் ஆசிரியன், அதனால் இதையும் சொல்ல வேண்டும். இத்தனை கை விளையாடினால் அதிர்ஷ்டம் மட்டுமே 800 டொலர் அளவு மேலேயும் கீழேயும் ஆட்டும். அவன் 710 வென்றிருக்கவும் கூடும். அப்படி வென்றிருந்தாலும் வெட்டு நடந்திருக்கும், வெற்றிக்குள் அது மறைந்திருக்கும். கசினோ யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஆட்கள் உட்கார்ந்திருந்தால் போதும். சன்னலும் மணிக்கூடும் இல்லாதது அதற்குத்தான்.

பின்னேரம் மருமகனுக்குக் கை பரபரத்தது. அந்தச் சின்ன ஊரிலும் மெஷின்கள் உண்டே. "ஒரு மணித்தியாலம் மட்டும் மாமா" என்றான். நான் திட்டவில்லை. கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டு ஒரு கணக்குச் செய்து காட்டினேன். இன்றைக்கு ஆறு மணித்தியாலம் விளையாடினால் 420 கை, 6300 டொலர் தராசில் ஏறும், அவன் உட்காரும் மேசையில் வெட்டு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு, ஆக 120 டொலருக்கு மேல். இன்றைக்கு அது போகவில்லை. சீட்டை அவனால் தெரிவு செய்ய முடியாது, எத்தனை கை என்பதை அவன் தெரிவு செய்யலாம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வெளியே வந்து என்னோடு உட்கார்ந்தான். பாட்டியின் கரிக்கோட்டைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டான். இருட்டும் வரை பேசினோம். அந்த வானத்தில் நட்சத்திரம் அவ்வளவு தெளிவு.

நேரம் போய்விட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். லொத்தர் சீட்டைப் பற்றியும் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டும் ரேஸ் புக்கிக் கடைகளைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக ஒன்று மட்டும். "இந்த நம்பர் ரொம்ப நாளாய் வரவில்லை, இனி வரும்" என்று சீட்டு வாங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். 1913 ஆகஸ்ட் 18ஆம் திகதி மொன்டி கார்லோ கசினோவில், கறுப்பும் சிவப்பும் கட்டமிட்ட ரூலெட் சக்கரத்தில் சுற்றும் பந்து கறுப்பிலேயே தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனி சிவப்புத்தான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. சம்பள நாளில் சீட்டு வாங்கினால், கொப்பியில் ஒரு கோடு போடுங்கள். கடையில் கட்டினாலும் போடுங்கள், இப்போது போனில் கட்டுகிற பிள்ளைகளும் போடுங்கள். மூன்று மாதம் கழித்து எண்ணுங்கள். லொத்தர் கணக்கை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

மறுநாள் ரீனோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மருமகன் உடனே உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேசை விரிப்பிலும் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டே நடந்தான். இரண்டுக்கு மூன்று கொடுக்கிற மேசை கிடைக்க நாற்பது நிமிடம் பிடித்தது. வணக்கம்.