அந்தப் பிள்ளைகள் எங்கேயும் ஓடிப்போகவில்லை, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் புத்தகத்துக்காக ஒதுக்கி இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இளையோருக்கான ஃபேன்டசி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் நாவல்கள் பிள்ளைகளை நிஜத்திலிருந்து ஓடவைக்கின்றனவா, நிஜத்தை எதிர்கொள்ளப் பழக்குகின்றனவா என்பது தலைப்பு. பழக்குகின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். மந்திரக்கோலும் டிராகனுமாகப் படிக்கிற பிள்ளைக்கு நாட்டு நடப்பு தெரியாது என்றார். ஒரு கதையை ஐந்தாக, ஏழாக இழுப்பது பதிப்பாளர்கள் காசு பார்க்கிற வழி என்றார். கடைசியில், பதினாலு வயசுப் பிள்ளைக்கு எழுதியதை நாற்பது வயசுக்காரர்கள் கையில் வைத்திருப்பது வளர மறுக்கிற குணம் என்றார். எனக்கு நாற்பத்திரண்டு வயசு, ஐயா. இந்தப் புத்தகங்களை இன்னும் படிக்கிறேன். அதனால் மூன்றுக்கும் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

நாட்டு நடப்பு என்றீர்களே, தாய்லாந்துக்குப் போவோம். 2014 மே மாதம் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் போடத் தடை. அப்போது தெருவில் நின்ற இளைஞர்கள் ஒன்றும் பேசாமல் மூன்று விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்கள். அந்தச் சைகை எந்தக் கட்சியுடையதும் இல்லை. சுசேன் காலின்ஸ் எழுதிய ஹங்கர் கேம்ஸ் நாவலில், பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு அதை டிவியில் காட்டுகிற சாவுக்களத்துக்கு, தங்கைக்குப் பதிலாகத் தானே போகிறேன் என்று ஒரு பெண் முன்வருகிறாள்; கைதட்டச் சொல்கிறார்கள், அந்த ஊர் ஜனம் கைதட்டவில்லை, மூன்று விரலை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. நன்றி, மதிப்பு, நேசித்தவருக்கு விடை, இவ்வளவும் அந்த மூன்று விரலில் இருக்கிறது. அதே 2014 நவம்பரில் கோன் கென் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர், மேடையில் பேசிக்கொண்டிருந்த ராணுவப் பிரதமரின் முன்னாலேயே எழுந்து நின்று விரலை உயர்த்தினார்கள். உடனே பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது ஆஸ்பத்திரி ஊழியர்கள் அதே மூன்று விரலோடு வேலையை நிறுத்தினார்கள்.

அதெல்லாம் சினிமா பார்த்து வந்தது என்று எதிரணியில் யாராவது எழுந்து சொல்லலாம். படத்தில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், சரி. ஆனால் அந்தக் காட்சியை முதலில் எழுதியது ஒரு நாவலாசிரியர். ராத்திரி டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே போகிறார், ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் இராக் போர், இரண்டும் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்த அந்த நேரத்தில்தான் கதை பிறந்தது என்று காலின்ஸே சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா விமானப்படைக்காரர், வியட்நாம் போருக்குப் போனவர். அடுத்த வீட்டுப் பிள்ளை சாவதை நாம் சோபாவில் உட்கார்ந்து பார்க்கப் பழகிவிட்டோமா என்று ஒருவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகளிடம் கேட்கிறார். இதைவிட நாட்டு நடப்பு வேறென்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 3, பாங்காக். அரச குடும்பத்தை விமர்சித்தால் பதினைந்து ஆண்டுவரை சிறை என்று சட்டம் இருக்கிற நாடு. அங்கே ஹாரி பாட்டர் வேடத்தில் ஒரு போராட்டம் நடந்தது. அனோன் நம்பா என்ற வழக்கறிஞர், மந்திரப் பள்ளி மாணவன் ஹாரியைப் போல உடுத்திக்கொண்டு, முடியாட்சியில் சீர்திருத்தம் வேண்டும் என்று மேடையில் பேசினார். ஏன் அந்தக் கதை? அந்தத் தொடரில் ஒருவனுடைய பெயரைச் சொல்லவே எல்லோரும் நடுங்குவார்கள், பதினோரு வயசுப் பையன் ஒருவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். பெயரைச் சொல்ல அஞ்சுகிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கதை எதைப் பற்றியது என்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அனோன் பிறகு சிறைக்குப் போனார். ஓடி ஒளிகிறவர்கள் செய்கிற காரியமா இது?

அடுத்தது இழுப்பது. இழுத்த தொடர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. மூன்றாவது புத்தகத்திலேயே சரக்கு தீர்ந்து மூச்சு வாங்குகிற தொடர்களை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் தொடர் என்ற வடிவமே வியாபாரத் தந்திரம் என்று தமிழ்நாட்டு மேடையில் நின்று சொல்லலாமா? பொன்னியின் செல்வன் 1950இல் தொடங்கி 1954 வரை கல்கியில் வாரா வாரம் வந்தது. என் பாட்டி அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்து, பைண்டு பண்ணி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று வந்தியத்தேவனை நினைத்துக்கொண்டே தூங்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்குத் தெரியாதா, காத்திருக்கிற நாட்களும் கதையில் சேர்த்தி என்று?

ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் 1997இல் வந்தபோது 223 பக்கம். 2003இல் வந்த ஐந்தாவது புத்தகம் 766 பக்கம். முதல் புத்தகத்தைப் பதினோரு வயசில் கையில் எடுத்த பிள்ளைக்கு, 2007இல் ஏழாவது வந்தபோது இருபத்தோரு வயசு. பள்ளிக்கூடம், பரீட்சை, முதல் சாவு வீடு, கல்லூரி என்று அந்தப் பத்து வருஷமும் அதே பாத்திரங்கள் கூட வளர்ந்தார்கள். 766 பக்கத்தை ஒரு பிள்ளையின் கையில் திணிக்க எந்த வாத்தியாராலும் முடியாது. அதற்கு முன்னால் நான்கு புத்தகம் அந்தப் பிள்ளையோடு நட்பாகியிருக்க வேண்டும்.

சரி, எனக்கு மிகவும் நெருக்கமான தொடருக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள நடுவர் அனுமதிக்க வேண்டும்.

அர்ஸுலா லெ குவினின் எர்த்சீ. முதல் புத்தகம் 1968. கெட் என்று ஓர் ஏழை ஆட்டிடையன், மந்திரம் கற்கப் பள்ளிக்குப் போகிறான். நான் பெரியவன் என்று காட்டுகிற கர்வத்தில், செத்தவளின் ஆவியைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு நிழல் வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அப்புறம் பாதிப் புத்தகம் அவன் ஓடுகிறான். தீவு தீவாக ஓடுகிறான், ஓட ஓட நிழலுக்கு பலம் கூடுகிறது. கடைசியில் அவனுடைய பழைய குரு சொல்கிறார், நீ திரும்பு, அதைத் துரத்து என்று. கரையே தெரியாத கடலில் அதை நேருக்கு நேர் சந்தித்து அவன் சொல்கிற பெயர் கெட், அவனுடைய சொந்தப் பெயர். அதுவும் அவனைத் திரும்ப அதே பெயரால் அழைக்கிறது.

நடுவர் அவர்களே, ஓடுவதா எதிர்கொள்வதா என்பது இன்றைய தலைப்பு. அந்தக் கதையே அதைப் பற்றியதுதான். பதினேழு வயசில், பழைய புத்தகக் கடையில் மூன்று பாகமும் ஒன்றாகக் கட்டிய தொகுப்பு ஒன்றை வாங்கிப் படித்தேன். பொறாமையில் ஒரு தோழியைப் பற்றி இல்லாததைப் பேசிவிட்டு, இரண்டு மாதமாக அவள் கண்ணில் படாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. புத்தகத்தை முடித்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உடனே மன்னிக்கவில்லை, ஆனால் நான் போனேன்.

அந்த கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் நல்ல கறுப்பு. தீவுகளைச் சூறையாட வருகிறவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். 1968இல் அமெரிக்காவில் ஒருவர் தெரிந்தே இப்படி எழுதினார். 2004இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகக் கட்டுரை எழுதிக் கண்டித்தார். மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடி என்று நினைத்து வளர்ந்த எனக்கு, என் நிறத்தில் ஒருவன் படகில் நிற்கிறான் என்பது அந்த வயசில் என்ன பொருள் என்று வார்த்தையில் முழுசாகச் சொல்ல வராது.

தொடர் ஏன் வேண்டும் என்றால், எர்த்சீயின் நான்காவது புத்தகத்துக்காகவே வேண்டும். மூன்றாவது 1972இல் வந்தது, நான்காவது 1990இல். பதினெட்டு வருஷ இடைவெளி! காசுக்காக இழுக்கிறவர் இவ்வளவு காலம் சும்மா இருப்பாரா? முதல் புத்தகத்தில், பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று ஓர் ஊர்ச்சொல் வரும். பள்ளியில் பையன்களுக்கு மட்டும்தான் இடம். அதை எழுதியவரும் ஒரு பெண்தான். பதினெட்டு வருஷம் கழித்து அவர் அதே தீவுக்குத் திரும்பி வந்து, தான் அன்றைக்குப் பார்க்காமல் விட்டதைப் பார்க்கிறார். இரண்டாவது புத்தகத்தில் பூசாரினியாக இருந்த சிறுமி டெனார் இப்போது கணவனை இழந்த குடியானவப் பெண். சொந்த மனிதர்களே அடித்துத் தீயில் தள்ளிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். கெட் வருகிறான், மந்திரம் எல்லாம் போய், வெறும் மனிதனாக, வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறான். பாத்திரம் கழுவுவது, ஆடு மேய்ப்பது, குழந்தையின் வெந்த கையைப் பார்த்து ஊர் முகம் திருப்பிக்கொள்வது, இவைதான் அந்த ஃபேன்டசி நாவலின் சம்பவங்கள்.

இதை நான் நாற்பதாவது வயசில் படித்தேன். பதினேழில் படித்திருந்தால் எனக்கு அலுத்திருக்கும், டிராகன் எப்போது வரும் என்று பக்கம் தள்ளியிருப்பேன். வளர மறுக்கிறோம் என்றாரே எதிரணித் தலைவர், கதாநாயகனே பலம் இழந்து வயசாகி நிற்கிற புத்தகத்தை, எனக்கு வயசான பிறகு தேடிப் போய்ப் படித்தேன். எழுதியவரும் வளர்ந்திருந்தார், நானும் வளர்ந்திருந்தேன், டெனாரும் வளர்ந்திருந்தாள். தனி நாவல் ஒன்றால் இதைச் செய்ய முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு விஷயம், முடித்துவிடுகிறேன்.

என் அண்ணன் மகனுக்கு எழுத்து நிற்காது. ‘பி’யும் ‘டி’யும் இடம் மாறும், வரி தாவும். சோம்பேறி என்று அவன் படித்த பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். டிஸ்லெக்ஸியா என்று கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது. அமெரிக்காவில் ரிக் ரியார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் மகனுக்கும் இதே சிக்கல். ராத்திரி அவனுக்கு கிரேக்கப் புராணக் கதை சொல்லிச் சொல்லி, கதை தீர்ந்துபோய், புதுசாகக் கட்டிச் சொன்னதுதான் 2005இல் பெர்சி ஜாக்சன் தொடராக வந்தது. அதில் பெர்சிக்கும் எழுத்து மிதக்கும். உன் மூளை பழைய கிரேக்க மொழிக்குப் பழகியது, அதனால்தான் இங்கிலீஷ் எழுத்து உனக்கு மிதக்கிறது என்று ஒரு பெண் அவனிடம் சொல்கிற இடம் வருகிறது. நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். என் மருமகன் என் கையைப் பிடித்து, “அத்தை, அதை இன்னொரு தடவை படிங்க” என்றான். மூன்று தடவை படித்தேன்.

முதல் புத்தகம் முழுக்க நான் படித்தேன். இரண்டாவதில் ஆளுக்கு ஒரு பக்கம். மூன்றாவதில் ஓர் இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது; விழித்துப் பார்த்தபோது டேபிள் லைட் எரிந்துகொண்டிருந்தது, அவன் விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, எனக்குக் காத்திராமல் பதினோரு பக்கம் போயிருந்தான்.

வணக்கம், நடுவர் அவர்களே.